லயத்து வீடும் பள்ளிக்கூடமும்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர் பாலோ. பழைய இருப்புப் பாதையில் வடக்கே பெக்கோக்கும் தெற்கே சாமெக்கும் அதன் அண்டை நிலையங்களாக இருந்தன. ஜொகூர் வழியாகச் செல்லும் அப்பாதை 1909-ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. அதன் பின்னரே உள்நாட்டுக் காடுகள் பெருமளவில் ரப்பர்த் தோட்டங்களாயின. தோட்டங்கள் தோன்றிய இடங்களிலெல்லாம் தமிழ்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. ஆகவே பாலோ வட்டாரத்துத் தமிழரின் வரலாறு, பெரும்பாலும் தோட்டத்துத் தமிழரின் வரலாறேயாகும்.

பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் ‘பெற்றோர் தொழில்’ என்றொரு பத்தி உண்டு. தோட்டப் பள்ளியொன்றின் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் அப்பத்தியில் ஒரே சொல் பக்கம் பக்கமாக நிற்பதைக் காண்பர். ‘பால்வெட்டு’ என்பதே அச்சொல். தந்தை பெயருக்கு நேரே எழுதப்பட்ட அச்சொல், இருபது ஆண்டுகள் கழித்து மகன் தன் பிள்ளையைச் சேர்க்க வரும்போது மகன் பெயருக்கு நேரேயும் எழுதப்பட்டது. இதற்குக் காரணம் யாது?

‘தோட்டத்துத் தமிழனுக்குக் கல்வியில் நாட்டமில்லை, அவனுடைய பண்பாடே அத்தகையது’ என்று துரைமார் கூறினர், பட்டணத்துத் தமிழர் சிலரும் கூறினர். இன்றும் கூறுவோர் இல்லாமலில்லை. இக்கூற்று உண்மையா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்பம் உருவான விதம்

1877-ஆம் ஆண்டில் ரப்பர் நாற்றுகள் இருபத்திரண்டு சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்பார் ரப்பரை வாணிகப் பயிராக நடத் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலாயாவின் முகமே மாறியது. பால் வெட்டக் கைகள் தேவைப்பட்டன. தோட்ட முதலாளிகள் தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு முதலிய மாவட்டங்களை நோக்கினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே மேலோங்கியது. தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்குச் சென்று, தன் உற்றாரையும் ஊராரையும் அழைத்து வருவான். 1907-இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி கப்பற் செலவை ஏற்றது.

இவ்வாறு வந்தவர்கள் குடும்பங்களாக வந்தனரா? தொடக்கத்தில் இல்லை. வந்தவர் பெரும்பாலோர் ஆடவர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதுகூட மலாயாவில் ஆயிரம் இந்திய ஆடவர்க்குப் பெண்டிர் ஐந்நூற்றுவர் இல்லை. ஊரில் பாட்டன், பாட்டி, மாமன், அத்தை எனப் பல தூண்கள்மீது நின்றது குடும்பம். பிள்ளையை வளர்ப்பதும் நல்லது கெட்டது சொல்வதும் அவர்கள் கடமையாயிருந்தன. தோட்டத்தில் அத்தூண்கள் இல்லை. கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக, ஓர் அறையும் ஒரு திண்ணையும் கொண்ட லயத்து வீட்டில் அமைந்தது புதிய குடும்பம்.

இக்குடும்பத்தின் பொருளாதாரத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 1920-களின் இறுதியில் அரசாங்கம் வகுத்த திட்டக்கூலி, எளிதிற் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. ஒருவர் கூலியில் ஒரு குடும்பம் வாழ இயலாது என்பதை அறிந்தே வகுக்கப்பட்ட கணக்கு அது. கணவனும் மனைவியும் சேர்ந்து வெட்டினால்தான் அடுப்பெரியும். மூத்த பிள்ளை ஒட்டுப்பால் பொறுக்கியும் மங்கு துடைத்தும் உதவினால் சிறிது மிஞ்சும். பிள்ளையின் கை வருவாயாகக் கணக்கிடப்படும் வீட்டில், அவனைப் பள்ளிக்கு அனுப்புவதே ஒரு செலவாகும். பள்ளிக் கட்டணம் ஒரு காசும் இல்லாதிருப்பினும் அது செலவே.

விடியற்காலை மணி

தோட்டத்து நாள் பொழுது புலருமுன்னரே தொடங்கிற்று. மணி ஒலித்ததும் எழுந்து பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டபின் அவரவர் நிரைக்குச் செல்ல வேண்டும். மரம் வெயிலுக்கு முன்னே சீவப்படல் வேண்டும். இல்லையேல் பால் குறையும். ஆதலின் தாய் எழும்போது பிள்ளை உறங்கிக்கொண்டிருப்பான். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். அதற்கு மூத்ததைப் பார்த்துக்கொள்வது எட்டு வயது அக்காள் பொறுப்பு. அக்காள் பள்ளிக்கு வந்தாலும் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே வருவாள்; தம்பி அழுதால் வகுப்பைவிட்டு எழுந்து போவாள். பத்துப் பன்னிரண்டு வயதானதும் வராமலே நின்றுவிடுவாள். பெண் கல்வியை வெறுத்த ஒரு பண்பாடு அவளை நிறுத்தியது என்பது முழு உண்மையன்று; அவள் நின்றால்தான் தாய் நிரைக்குச் செல்ல முடியும் என்பதே பெரும்பகுதி உண்மை.

மாலையில் தாய் தந்தையர் வீடு திரும்பும்போது உடல் தளர்ந்திருக்கும். வீட்டில் மேசையில்லை, மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றே. சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டார் பேச்செல்லாம் கேட்கும். ஆசிரியர் கொடுத்த கணக்கைப் பிள்ளை எங்கே அமர்ந்து செய்வான்? யாரிடம் ஐயம் கேட்பான்? இவ்வினாக்களுக்கு விடை கூறாமல் ‘அக்கறையில்லை’ என்று தீர்ப்பளிப்பது முறையாகாது.

பத்துப் பிள்ளைகள் இருந்தால்

தோட்டப் பள்ளியோ சட்டத்தின் குழந்தை. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஜொகூர் அக்கூட்டரசில் சேராத மாநிலம். ஆயினும் தோட்ட நிருவாகம் எங்கும் ஒரே போக்கினதாகவே இருந்தது. பள்ளி என்ற பெயரில் பெரும்பாலும் எழுந்தது ஒரு கொட்டகை. பல இடங்களில் கங்காணியோ, கணக்கெழுதத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியரானார். ஓராசிரியரே எல்லா வகுப்புக்கும் பாடஞ் சொன்னார்.

இதிலும் பெரிய குறை ஒன்றுண்டு. அப்பள்ளி எங்கும் சென்று சேராத பாதை. நாலைந்து வகுப்புக்கு மேல் பெரும்பாலான தோட்டங்களில் படிப்பில்லை. தமிழ் வழியே இடைநிலைப் பள்ளி நாட்டில் இல்லை. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. அதற்குக் கட்டணம் வேண்டும், போக்குவரத்து வேண்டும், தொடக்கத்திலேயே ஆங்கிலம் வேண்டும். நான்காம் வகுப்பில் முதலாவதாகத் தேறிய மாணவனுக்கும் கடைசியாக நின்றவனுக்கும் அடுத்த நாள் கிடைத்தது ஒரே உளிதான். பயன் தராத படிப்பிற்காகப் பிள்ளையின் கூலியை இழக்கத் தயங்கிய தகப்பனை அறிவிலி என்று கூற இயலுமா? அவன் தன் நிலையை நன்கறிந்து கணக்கிட்டான் என்றே கூறல் வேண்டும்.

தோட்டங்களுக்குப் பள்ளி வேண்டும்; ஆனால் அப்பள்ளி தொழிலாளியின் மகனைத் தொழிலாளியாகவே வைத்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளரிடை நிலவிற்று. மலாயாப் பல்கலைக்கழகத்துக் கல்வியாளர் பேராசிரியர் டி. மாரிமுத்து, தோட்டப் பள்ளி சமூகநிலையை மாற்றும் கருவியாக இராமல், இருந்த நிலையை மீண்டும் படைக்கும் கருவியாக இருந்தது என்று பிற்காலத்தே எடுத்துக் காட்டினார்.

இரு தமிழ் வீடுகள்

ஒரே தோட்டத்தில் இருவகைத் தமிழ் வீடுகள் இருந்தன. ஒன்று லயத்து வீடு. மற்றொன்று கிராணியார் வீடு. கிராணிமாரிற் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மலையாளிகளும் இருந்தனர். யாழ்ப்பாணத்தாரும் லயத்தாரும் பேசியது தமிழே. வணங்கியதும் பெரும்பாலும் ஒரே தெய்வங்களையே. ஆயினும் கிராணியார் பிள்ளை பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றான். மருத்துவனாகவோ வழக்கறிஞனாகவோ அரசாங்க அலுவலனாகவோ ஆனான். லயத்துப் பிள்ளை நிரைக்குச் சென்றான்.

மொழியும் சமயமும் ஒன்றாயிருக்க, விளைவு மட்டும் ஏன் வேறாயிற்று? யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1816-இலேயே பணி தொடங்கினர். வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் 1823-இல் எழுந்தது. அதற்குப் போட்டியாகச் சைவப் பள்ளிகளும் தோன்றின. மூன்று தலைமுறைப் பள்ளிப் படிப்பு யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் ஊறிய பின்னரே அவர்கள் மலாயாவின் இருப்புப் பாதைக்கும் அலுவலகங்களுக்கும் அழைக்கப்பட்டனர். கல்வியைப் போற்றும் பண்பாடு என்று நாம் புகழ்வது வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. பள்ளிக்கூடமும், படித்தால் வேலை உண்டு என்ற உறுதியும் சேர்ந்து வளர்த்த பயிர் அது. திருச்சிச் சீமையின் நிலமற்ற உழவனுக்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை. அவனிற் பலர் சாதியின் பெயராலேயே பள்ளித் திண்ணையை மிதிக்கவிடப்படாதவர்.

பிற நாட்டு அறிஞரும் இதனையொத்த முடிவுகளுக்கே வந்தனர். அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் 1966-இல் வெளியிட்ட அறிக்கை, மாணவரின் தேர்ச்சியைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மிகுதியாக நிர்ணயிக்கிறது என்றது. இங்கிலாந்தில் பேசில் பெர்ன்ஸ்டீன், தொழிலாளர் வீட்டுப் பேச்சுக்கும் பள்ளி எதிர்பார்க்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தார். பிரான்சு நாட்டுப் பியேர் பூர்தியூ, செல்வரின் பிள்ளை பணத்தை மட்டுமன்றிப் பேச்சு, பழக்கம், நூலறிவு ஆகிய பண்பாட்டு முதலையும் மரபுரிமையாகப் பெறுகிறான். பள்ளியோ அதனை இயற்கை அறிவென்று மயங்கிப் பரிசளிக்கிறது என்றார். கிராணியார் வீட்டையும் லயத்து வீட்டையும் அருகருகே கண்டவர்க்கு இக்கருத்து புதிதன்று.

இதனால் லயத்து வீடு பண்பாடற்ற வீடு என்று கொள்ளலாகாது. மாரியம்மன் திருவிழா, கூத்து, தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, இரவில் பாட்டி சொல்லும் கதை, இவையெல்லாம் அங்கு இருந்தன. எழுத்தறியாத தாய் நூற்றுக்கணக்கான பழமொழிகளை அறிந்திருந்தாள். ஆனால் பள்ளி அவற்றைக் கேட்கவில்லை, தேர்வும் கேட்கவில்லை. இருந்த செல்வம் செல்லாக் காசாயிற்று.

கோரிக்கைப் பட்டியலில் ஒன்று

தோட்டத்தார்க்குக் கல்வியில் நாட்டமில்லை என்பார்க்கு வரலாறு தரும் தெளிவான மறுப்பு 1941-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். மத்திய இந்தியச் சங்கத்தைச் சார்ந்த ஆர். எச். நாதன் அதற்கு வழிகாட்டினார். கூலி உயர்வு அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. ஆனால் அஃது ஒன்றே அன்று. பெண்டிர்க்குப் பாதுகாப்பு வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர் தோட்டத்திற்குள் வந்துபோக உரிமை வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வரும்போது மிதிவண்டியைவிட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும் என்றனர். இவற்றோடு, தங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்றும் கேட்டனர்.

இப்பட்டியலை ஊன்றி நோக்குக. மிதிவண்டியும் பிள்ளையின் படிப்பும் ஒரே தாளில் இடம்பெற்றது தற்செயலன்று. மிதிவண்டியைவிட்டு இறங்கும் தந்தையைக் கண்டு வளரும் பிள்ளை, தன் இடம் எது என்பதைப் பாடப் புத்தகம் திறக்குமுன்னரே கற்றுக்கொள்கிறான். அந்தப் பாடத்தை அழிக்காமல் வேறு பாடம் பதியாது என்பதைத் தொழிலாளர் உணர்ந்திருந்தனர். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். கோரிக்கை நிறைவேறவில்லை, எனினும் அது கேட்கப்பட்டது என்பது அழியாத சான்று.

போரும் அவசர காலமும்

1942-இல் ஜப்பானியர் வந்தனர். சயாம்–பர்மா இருப்புப் பாதை வேலைக்குத் தோட்டத்து ஆடவர் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். பெரும் எண்ணிக்கையினர் திரும்பவில்லை. தந்தையற்ற வீடுகளில் மூத்த மகனே குடும்பத் தலைவனானான். மறுபுறம், 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். அடுப்பும் நிரையும் தவிர வேறறியாத பெண் சீருடை அணிந்து நின்றாள். குடும்பத்தில் பெண்ணின் இடம் பற்றிய எண்ணம் மாறக்கூடியதே என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் கடும் தாக்குதலுக்குள்ளான மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கே சேர்க்கப்பட்டன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் வந்தன. வெளியுலகத் தொடர்பு முன்னினும் குறுகியது. ஆயினும் இதே காலத்தில்தான் தொழிலாளர் எழுச்சியும் ஒழுங்குபெற்றது. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954-இல் உருவாயிற்று. கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாள் தோட்டங்களிலும் பரவிற்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி அவர் நிதி திரட்டியபோது பால்வெட்டுத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். தம் பிள்ளை என்றேனும் அப்படியை மிதிப்பான் என்ற உறுதி இல்லாமலே கொடுத்தனர். நாட்டம் என்பதற்கு இதனினும் மேலான இலக்கணம் உண்டோ?

கதவு திறந்தபோது

விடுதலைக்கு முன்னும் பின்னும் கல்விக் கொள்கை பலவாறு மாறிற்று. 1951-ஆம் ஆண்டுப் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகள் வேண்டும் என்றது. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப் பள்ளிக்கு நாட்டுக் கல்வியமைப்பில் இடமளித்தது. 1960-ஆம் ஆண்டு ரகுமான் தாலிப் அறிக்கை இலவசத் தொடக்கக் கல்வியைப் பரிந்துரைத்தது. 1965 முதல் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நீங்கிற்று. தமிழ்ப் பள்ளியிலிருந்து செல்வோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயின்று மேலே செல்லலாயினர்.

கதவு திறந்ததும் தோட்டத்துப் பிள்ளைகள் நுழைந்தனர். பின்வாங்கியோரும் உளர். காலையில் பேருந்திற்குப் பல கல் நடக்க வேண்டும். புதிய மொழியில் பாடம். மற்ற மாணவர் அணிந்த காலணியும் கட்டிய புத்தகப் பையும் வேறு. பலர் புகுமுக வகுப்பிலேயே நின்றனர். ஆயினும் அக்கதவின்வழி ஆசிரியரானோர், தாதியரானோர், எழுத்தரானோர் தொகை பெருகிற்று. பண்பாடு மாறுமுன் வாய்ப்பு வந்தது. வாய்ப்பு வந்தபின் பண்பாடும் மாறிற்று. தமிழ்நாட்டிலும் காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் விரிவுபெற்றபோது பள்ளிச் சேர்க்கை உயர்ந்ததை ஒப்பிட்டு நோக்கலாம். வயிறு நிறைந்த இடத்தில் அக்கறையும் தானே தோன்றிற்று.

தொழிலாளர் தாமே எழுப்பிய முயற்சியும் ஒன்றுண்டு. 1950-களில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது லயங்களும் பள்ளிகளும் ஒருங்கே அழிந்தன. அதனைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளர் செலுத்திய பணம், 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிற்று. கூலியாளாக வந்தவர் பங்குதாரரானார்.

நம் பக்கத்துக் குறைகள்

நடுநிலையான வரலாறு நம்மவர் குறையையும் மறைத்தல் கூடாது. கள்ளுக்கடையைத் திறந்தது நிருவாகமும் அரசாங்க உரிமமுமேயாயினும், கூலியின் ஒரு பங்கு அங்கே கரைந்தது. பிள்ளையின் எழுதுபலகைக்குக் காசில்லாத வீட்டிலும் கரைந்தது. ஊரில் விட்டு வந்திருக்க வேண்டிய சாதியைக் கப்பலேற்றி வந்தோம். சில தோட்டங்களில் லயமும் சாதிவாரியாகப் பிரிந்தது. மகளின் படிப்பை மகனின் படிப்பிற்கு அடுத்ததாக வைத்தோம். இவை வறுமையால் வலுப்பெற்றவை. ஆனால் வறுமை மட்டுமே இவற்றைத் தோற்றுவிக்கவில்லை. வாய்ப்பின்மையைப் பழிப்பதோடு இவற்றையும் திருத்துவதே நேர்மை.

இன்றைய நிலை

பாலோ வட்டாரம் இன்று பழைய பாலோ அன்று. நாடெங்கும் ரப்பர் நின்ற நிலத்தில் பெரும்பகுதி செம்பனையாயிற்று. 1968-ஆம் ஆண்டு வேலை அனுமதிச் சட்டத்தின் விளைவாகக் குடியுரிமையற்ற தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். பிற்காலத்தே வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். தமிழ்க் குடும்பங்கள் நகர்களை நோக்கி நகர்ந்தன. 1957-இல் எண்ணூற்றுக்கு மேலிருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சில்லறையே.

லயம் மறைந்தது, லயத்தின் நிலை மறைந்துவிட்டதா? நகரத்து அடுக்குமாடி வீட்டில் தாயும் தந்தையும் இருவேறு நேரமுறையில் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். மணி ஒலிப்பதில்லை, ஆனால் பிள்ளை உறங்கும்போதே தாய் புறப்படுகிறாள். அக்காளே தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தனிவகுப்புக் கட்டணம் கொடுக்கப்படுகிறது, இப்பிள்ளைக்கு இல்லை. தேர்வு முடிவு வரும்போது ‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்ற பழைய தீர்ப்பே மீண்டும் எழுதப்படுகிறது.

இத்தீர்ப்பை எழுதுமுன் ஆசிரியரும் சமூகத் தலைவரும் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கிறான்? மாலையில் வீட்டில் யார் இருக்கிறார்? அவன் வீட்டுப் பேச்சிலும் கதையிலும் உள்ள செல்வத்தை வகுப்பு பயன்படுத்துகிறதா? படித்தால் அடுத்த படி உண்டு என்பதை அவன் கண்ணாரக் கண்டிருக்கிறானா? மாலையில் விளக்கெரியும் ஒரு பள்ளி அறை, ஒரு வேளை உணவு, வீடு தேடிச் செல்லும் ஆசிரியர், முன்னே படித்தேறிய ஓர் அண்ணன் அல்லது அக்காள் ஆகிய இவை எளியவையே. எளிய வீட்டுப் பிள்ளைக்கு இவையே வழி திறக்கும்.

பதிவேட்டின் ‘பெற்றோர் தொழில்’ பத்தியில் எழுதப்படும் சொல் பிள்ளையின் தொடக்கத்தைக் கூறுவது. அவன் முடிவைக் கூறுவதன்று. அதனை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு பிள்ளையுடையது மட்டுமன்று. பதிவேட்டை எழுதுவோர் அனைவருடையதும் ஆகும்.